கழுகுக்கு ஏது கை?

(இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு சனிக்கிழமை வகுப்பில், ஆங்கிலப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களிடம் பேசியது)

பிள்ளைகளே, பின்னால் நிற்கிற பெற்றோரே, வணக்கம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) ஆங்கிலப் பேப்பருக்கு நான் ஒரே ஒரு கட்டுரையைத்தான் பாடமாக்கிக்கொண்டு போனேன்: கடற்கரையில் ஒரு நாள். பேப்பரில் வந்ததோ மழைநாள். விடுவேனா? கடற்கரையில் மழை பெய்ய வைத்துவிட்டேன். அதுவரை நான் கடலைக் கண்ணால் கண்டதே இல்லை. மழை எங்கள் லயத்துத் தகரத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக் கூரையில், விடிய விடியக் கொட்டும். அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வந்த மார்க்ஸைக் கேட்காதீர்கள்.

சரி, கவிதைக்கு வருவோம். ஆங்கிலக் கவிஞர் டெனிசனின் கழுகுக் கவிதை 1851இல் வந்தது. ஆறே வரி. அதற்கு உங்கள் கையில் மூன்று பக்க நோட்ஸ்! 'கவிஞர் பெர்சானிஃபிகேஷன் மூலம் கவிதைக்கு அழகு சேர்க்கிறார்' என்று இருக்கிறது. பெர்சானிஃபிகேஷன் என்றால் மனிதரல்லாததை மனிதராக்கிக் காட்டுவது. எங்கே, எதற்கு என்று சொல்லாவிட்டால் அந்த வாக்கியத்தை எந்தக் கவிதையின் கீழும் ஒட்டலாம். முதல் வரியைப் பாருங்கள். கழுகு பாறையைப் பற்றியிருப்பது நகத்தால் அல்ல, 'ஹேண்ட்ஸ்' என்கிறார். கழுகுக்கு ஏது கை? அதுவும் வளைந்த கை. எனக்கு அங்கே சிம்மாசனத்தை விடாத ஒரு கிழட்டு ராஜா தெரிகிறான். அதே வரியில் கிளாஸ்ப்ஸ் (பற்றுகிறது), கிராக் (பாறை), குரூக்கட் (வளைந்த): வாய்விட்டுச் சொல்லுங்கள். தமிழ் டீச்சர் சொல்லித்தந்த மோனைதான். இறுக்கிப் பிடிக்கிற பிடி அந்தச் சத்தத்திலேயே இருக்கிறது.

நாலாம் வரியில் கடலுக்குச் சுருக்கம் விழுந்திருக்கிறது. அது ஊர்ந்து போகிறது. கடலோரத்துப் பிள்ளைக்கு அலை ஆள் உயரம், அவனுக்கு இதை விளக்க நேரமெடுக்கும். உங்களுக்கு எதற்கு விளக்கம்? மேல்மலையில் நின்று காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். காற்றடித்தால் தண்ணீர் அப்பாயியின் புறங்கைத் தோல் மாதிரி இருக்கும். கழுகு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை அளந்து சொல்லாமலே சொல்லிவிட்டார். இதை நீங்கள் எழுதினால் அது நோட்ஸ் அல்ல, உங்கள் பதில்.

ரெட்டரிக், அதாவது கேட்பவரைக் கவரும் பேச்சுக்கலை, என்றதும் பயப்பட வேண்டாம். மே தின மேடையில் கேட்டுக் கைதட்டியதுதான். 1863இல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் பேசியது சில நிமிடம். அதன் முடிவில் 'பீப்பிள்' என்ற சொல் மூன்று தரம் கடைசியில் வந்து விழுகிறது. மாறுவது முன்னால் நிற்கிற சின்னச் சொல் மட்டும். தமிழில் சொல்லிப் பாருங்கள்: மக்களுடைய, மக்களால், மக்களுக்காக. 'மக்கள்' முன்னுக்கு வந்துவிட்டது, மாறுவது வால்தான். உத்தியின் பெயர் மறந்தாலும் பரவாயில்லை, இந்த வித்தியாசம் காதில் விழ வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலக் கவிதை எதற்கு என்று ஓர் அம்மா கேட்டார். அம்மா, 1914இல் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையை ஆங்கிலத்திலேயே கவிதையாக எழுதியவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்கும் போனார்.

அடுத்த சனிக்கிழமை பழைய பரீட்சைப் பேப்பரோடு, உங்கள் லயத்து வாசலில் நின்றால் தெரிவதை எட்டு வரி ஆங்கிலத்தில் எழுதி வாருங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்திக்கொள்ளலாம். கடல் மட்டும் வேண்டாம்.