கடைச் சரக்கை இன்ஸ்டாகிராமில் காட்டி, "விலைக்கு டிஎம் பண்ணவும்" (தனிச் செய்தி அனுப்பிக் கேளுங்கள்) என்று போடுகிறீர்களா?

(திரை: சாயம் காய்ந்த துணியை இரண்டு கைகள் இழுக்கின்றன. முடிச்சுகள் படபடவென்று அவிழ்கின்றன.)

இது மதுரைச் சுங்குடி. துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி நூலால் முடிந்து, சாயத்தில் முக்கி, காயவைத்து இழுத்துவிட்டால், சாயம் ஏறாத இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். 2005இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அங்கீகாரம், பெற்ற சேலை. ஆனால் அச்சடித்த புள்ளிச் சேலையும் சுங்குடி என்ற பெயரிலேயே கடைகளில் தொங்குகிறது. கைமுடிச்சுச் சேலை விற்கும் ஒரு சின்னக் கடைக்காரர், இந்தப் போட்டிக்கு நடுவே இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் எப்படி வியாபாரம் பிடிப்பது? அவரை வைத்தே பார்த்துவிடுவோம்.

(திரை: ஒரு ரீல், இன்ஸ்டாகிராமின் குட்டி வீடியோ. சினிமாப் பாட்டு. கீழே "விலைக்கு டிஎம் பண்ணவும்".)

நிறையக் கணக்குகள் இப்படித்தான் இருக்கின்றன. டிரெண்டிங்கில் இருக்கும் பாட்டு, சேலை கட்டி ஒரு சுற்று, விலை மட்டும் இருக்காது. விலை கேட்டுக் கமெண்ட் குவிந்தால் ரீச், அதாவது பார்க்கிறவர்கள் எண்ணிக்கை, ஏறும் என்பார்கள். விலையைப் போட்டால் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்பார்கள். அவருக்கு உங்கள் விலை எப்போதோ தெரியும்! தெரியாதது வாங்க வருகிறவருக்குத்தான். ராத்திரி படுக்கும் முன் போனைத் தள்ளிக்கொண்டிருப்பவர், "கேட்டுவிட்டு வாங்காமல் விட்டால் நன்றாக இருக்காதே" என்று கேட்காமலே நகர்ந்துவிடுவார். ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ என்ற சந்தேகம் வேறு. ரீச் ஏறலாம், கல்லாவில் ஒன்றும் விழாது.

அதனால் விலையைப் போடுங்கள். கூரியர் செலவு தனியா, சேர்த்தா என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

(திரை: இரண்டு சேலைகள் அருகருகே. கேமரா புள்ளிகளை நெருங்குகிறது.)

சரி, வீடியோவில் வேறு என்ன காட்டுவது? கடைக்கு நேரில் வருகிறவர் என்னவெல்லாம் கேட்பாரோ அதையெல்லாம். நீளம் எவ்வளவு, பிளவுஸ் துணி சேர்ந்து வருமா, சாயம் போகுமா, அச்சுச் சேலையைவிட ஏன் இவ்வளவு விலை? கடைசிக் கேள்விக்குத்தான் இந்தக் கடைக்காரரிடம் அருமையான பதில் இருக்கிறது. அச்சுப் புள்ளிகள் அத்தனையும் ஒரே அச்சாக இருக்கும். கையால் முடிந்த புள்ளி ஒன்று போல் இன்னொன்று இருக்காது. இதை அருகில் காட்டி, முடிச்சு அவிழும் காட்சியை வீடியோவின் முதல் மூன்று விநாடியில் வைத்தால் போதும், பாட்டே வேண்டாம். முடிகிறவர்களின் கைகளையும் காட்டலாம், அவர்கள் சம்மதத்தோடு.

படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கடை விளக்கில் அரக்கு நிறம் சிவப்பாகத் தெரிந்து, பார்சல் போன பிறகு "நான் கேட்ட கலர் இது இல்லை" என்று சண்டை வரும்.

(திரை: வாட்ஸ்அப் பிசினஸ், கேட்டலாக் பக்கம்.)

இனி முக்கியமான இடம். ரீல்ஸ் உங்களைத் தெரியாதவர்களிடமும் போய்ச் சேரும். அதுதான் அதன் பலம். ஆனால் அங்கே சேரும் கூட்டம் உங்களுடையது இல்லை. 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் உட்பட 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. டிக்டாக்கை மட்டுமே நம்பி ஆள் சேர்த்தவர்களுக்கு அத்தனை பேரும் ஒரே அடியில் போனார்கள். ஆகவே ரீல் பார்த்து வருகிறவரை வாட்ஸ்அப்புக்கு அழைத்து வாருங்கள். 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதிலுள்ள கேட்டலாக்கில், அதாவது சரக்குப் பட்டியலில், படம், விலை, விவரம் எல்லாம் ஏற்றலாம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பணம் வர வேண்டியவர், பார்சல் போனவர் என்று லேபிள் ஒட்டிப் பிரித்துக்கொள்ளலாம்.

பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே தடவையில், அனுப்புகிறவர்கள் பலர் கவனிக்காத ஒன்று: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் அந்தச் செய்தி போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான். எனவே சேலையை அனுப்பும்போதே, "எங்கள் நம்பரைச் சேவ் பண்ணிக்கொள்ளுங்கள், புதுச் சரக்கு வந்தால் சொல்கிறோம்" என்று ஒரு சீட்டு வையுங்கள். தினமும் குட்மார்னிங் படம் அனுப்பினால் பிளாக் பண்ணிவிடுவார்கள், பண்ணவும் வேண்டும்.

அப்புறம் விளம்பரம். எல்லாப் பதிவையும் பூஸ்ட் செய்யாதீர்கள், அதாவது காசு கட்டி அதிகம் பேருக்குக் காட்டாதீர்கள். காசு போடாமலே நாலு பேரை வாட்ஸ்அப்பில் விசாரிக்க வைத்த ரீல் எதுவோ, அதற்கு மட்டும் சின்னத் தொகையில் தொடங்குங்கள். அந்தத் தொகைக்கு மேல் 18% ஜிஎஸ்டி வரும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லைக் எத்தனை என்று பார்க்க வேண்டாம். எத்தனை பேர் வாட்ஸ்அப்பில் வந்தார்கள், அதில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

(திரை: பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்.)

ஆர்டர் வந்துவிட்டது, ஸ்கிரீன்ஷாட்டும் வந்துவிட்டது. சந்தோஷத்தில் பார்சலைக் கட்டிவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகத் தயாரிக்க ஐந்து நிமிடம் போதும். உங்கள் வங்கிக் கணக்கையோ யுபிஐ செயலியையோ திறந்து, பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.