ஏழு பெள்ளிகள்

நேயர்களுக்கு வணக்கம். குன்னூருக்கு அருகே ஒரு ஹட்டியின், அதாவது நீலகிரியின் படுகர் மக்கள் வாழும் ஊரின், தொடக்கப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளியின் பழைய மாணவர்களைப் பற்றி ஒரு மலர் கொண்டுவர வேண்டும் என்று ஊரார் கேட்டதால், சேர்க்கைப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்தேன். அவற்றில் பெள்ளி என்ற பெயர் ஏழு இடங்களில் இருந்தது.

பெள்ளி என்பது நம் வெள்ளிதான். தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்திலும் படுகர் பேசும் படுகத்திலும் பகரத்தில் தொடங்கும். நமது வேர் கன்னடத்தில் பேரு. நீலகிரியில் இப்பெயர் கொண்டவர்களில் இருவரை வெளியுலகமும் அறியும். ஒருவர், 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் வந்து சேர்ந்த மலை ரயில் பாதையின் கட்டுமானத்தில் ஒப்பந்ததாரராக இருந்த ராவ்பகதூர் பெள்ளி கவுடர். மற்றவர், முதுமலை தெப்பக்காட்டில் தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்த்து, ஆஸ்கர் பெற்ற ஆவணப்படத்தின் வழியாக உலகறிந்த காட்டுநாயக்கர் பழங்குடிப் பெண்மணி பெள்ளி. 2023இல் அவர் அதே முகாமில் அரசுப் பணியில் காவடியாக, அதாவது யானைப் பாகனுக்கு உதவியாளராக, அமர்த்தப்பட்டார். ஒரே பெயர் படுகரிடையே ஆணுக்கும் காட்டுநாயக்கரிடையே பெண்ணுக்கும் வழங்குவதால், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எதிரில் நிற்கப்போவது ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது.

ஆகவே இனிஷியலைத்தான் நம்ப வேண்டும். எச்.ஜே. பெள்ளி கவுடர் என்றால் ஹுப்பதலை ஊர், ஜோகியின் மகன், பெள்ளி. பின்னாளில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அங்கம் வகித்த அவர் மகன் எச்.பி. ஆரி கவுடர். இரண்டே எழுத்துகளில் ஊரும் தந்தையும் வந்துவிடுவதைப் பார்த்து, என் வேலை ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஏழில் இரண்டு, ஒரே பையன் பாதியில் நின்றுவிட்டு மறுபடி சேர்ந்ததால் வந்த பதிவுகள். மூவரை அவர்களுடைய வீட்டாரே அடையாளம் காட்டினார்கள். ஆறாவது பெள்ளியிடம்தான் நான் சறுக்கினேன். அவர் பெயர் இருந்த பதிவேட்டின் முதல் தாள்கள் கிழிந்து போயிருந்தன. காகிதத்தின் பழுப்பைப் பார்த்து 1920களாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதே ஊரும் அதே தந்தை பெயரும் கொண்ட ஒரு பெள்ளி, 1946இல் உருளைக்கிழங்கு நிலம் விற்ற பத்திரமும் கிடைத்தது. இரண்டையும் இணைத்து, பள்ளியில் படித்தார், கிழங்கு பயிரிட்டார், பிறகு தேயிலைக்கு மாறினார் என்று இரண்டு பக்கம் எழுதி, அந்த வீட்டுப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன்.

பாட்டி பத்திரத்தின் நகலை வாங்கி, அடியில் மை அப்பிக் கிடந்த இடத்தில் விரலை வைத்தார். “அஞ்சாவது பாஸான பையன் எதுக்கு வாத்தியாரே கைநாட்டு வெக்கணும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பத்திரத்தில் இருந்தவர் தாத்தா. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். பதிவேட்டில் இருந்தவர் பேரன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அந்த வீட்டு வழக்கம். ஜோகியின் மகன் பெள்ளி, பெள்ளியின் மகன் ஜோகி, மறுபடி ஜோகியின் மகன் பெள்ளி என்று வந்தால், ஒரு தலைமுறை தாண்டியதும் இனிஷியல் உட்பட முழுப் பெயரும் எழுத்து மாறாமல் திரும்பி வந்து நிற்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக் கொடுத்தவன், இரண்டு ஆயுளை ஒரே மனிதரின் தலையில் கட்டியிருந்தேன். கிழங்கு தாத்தாவுடையது, தேயிலை பேரனுடையது.

ஏழாவது பெள்ளி இன்னும் அகப்படவில்லை. தந்தை பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் நீர் பட்டு மை பரவியிருக்கிறது. இனிஷியலில் ஊர் எழுத்து மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மூன்றாம் வகுப்பில் நின்றுவிட்டதாகவும், குடும்பம் கூடலூர்ப் பக்கம் போய்விட்டதாகவும் குறிப்புக் கட்டத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது. கூடலூர்ப் பகுதி நேயர்களே, உங்கள் வீட்டுத் தாத்தா எவரேனும் பெள்ளி என்ற பெயரோடு குன்னூர்ப் பக்கமிருந்து வந்து குடியேறியிருந்தால், இந்த நிலைய முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிப் போடுங்கள். அவருக்குக் கையெழுத்துப் போட வந்ததா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.