ஹிட்லரை வீழ்த்தியது யார்? ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

திருச்சியிலிருந்து ஒரு நேயர் அனுப்பிய கேள்வி மூன்று நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. "ஸ்டாலின்கிராட் போர் பற்றிய உரையில், ஹிட்லரின் முதுகெலும்பை முறித்தது சோவியத் ஒன்றியத்தின் செஞ்சேனை என்றீர்கள். தோழமை நாடுகளுக்கு அமெரிக்கா போர்த் தளவாடங்களை அனுப்பிய கடன்-குத்தகைத் திட்டம் பற்றிய உரையில், அமெரிக்க லாரிகள் வராமல் இருந்திருந்தால் செஞ்சேனை அவ்வளவு விரைவாக பெர்லினை எட்டியிருக்காது என்றீர்கள். இரண்டில் எது சரி?" என்று அவர் கேட்கிறார்.

இரண்டுமே சரி. நெல்லை முழம் போட்டு அளக்க முடியாது, துணியை மரக்காலால் அளக்க முடியாது என்று முன்பும் பலமுறை சொல்லியிருக்கிறேன்; இன்றும் அதையே சொல்ல வேண்டியிருக்கிறது. சோவியத் ஒன்றியம் இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் உயிர்களை இழந்தது. ஜெர்மன் படை தான் இழந்த வீரர்களில் பெரும்பாலோரைப் பறிகொடுத்ததும் கிழக்குப் போர்முனையில்தான். அதே சோவியத் படைக்கு அமெரிக்கா 4 லட்சத்துக்கும் அதிகமான லாரிகளையும் ஜீப்புகளையும் அனுப்பியது. கத்யூஷா என்ற சோவியத் ராக்கெட் ஏவிகள் பல, ஸ்டூட்பேக்கர் என்ற அமெரிக்க லாரிகளின் முதுகில் ஏறித்தான் மேற்கு நோக்கிப் போயின. ஆனால் அந்த உதவியின் பெரும்பகுதி 1943-க்குப் பிறகே வந்து சேர்ந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மாஸ்கோ வாசலில் ஜெர்மானியரை நிறுத்தியபோது செஞ்சேனை பெரும்பாலும் தன் கையிருப்பை நம்பியே போரிட்டது. 1943-இல் தோழமை நாட்டுத் தலைவர்கள் கூடிய தெஹ்ரான் மாநாட்டு விருந்தில், அமெரிக்க இயந்திரங்கள் இல்லாவிட்டால் இந்தப் போரில் தோற்றிருப்போம் என்று ஸ்டாலினே ஒப்புக்கொண்டார். போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள், அந்த உதவி எங்கள் உற்பத்தியில் 4 விழுக்காடுதான் என்று சோவியத் தரப்பு எழுதத் தொடங்கிவிட்டது.

மேற்கிலும் இதே கதைதான். 1945 மே மாதம் பிரான்ஸில் இஃபாப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம், ஜெர்மனியின் தோல்விக்கு அதிகம் பங்களித்த நாடு எது என்று மக்களிடம் கேட்டது. 57 விழுக்காட்டினர் சோவியத் ஒன்றியம் என்றார்கள். அமெரிக்கா என்றவர்கள் 20 விழுக்காட்டினர். அதே கேள்வியை 1994-இல் கேட்டபோது, அமெரிக்கா 49, சோவியத் 25 என்று விடை தலைகீழாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் போர்க்களத்தின் உண்மை எதுவும் மாறவில்லை. யார் நண்பர், யார் பகைவர் என்பதுதான் மாறியிருந்தது.

ஆகவே, நேயர் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: தோழமை நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களை, அரசுகள் எந்த நாளிலிருந்து மறக்கத் தொடங்குகின்றன?

ஆர்க்டிக் கடல் வழியே முர்மான்ஸ்க், ஆர்க்கேஞ்சல் ஆகிய சோவியத் துறைமுகங்களுக்குச் சரக்குக் கப்பல்களை ஓட்டிச் சென்ற மாலுமிகளைப் பாருங்கள். கடல்நீர் தெறித்த மாத்திரத்தில் தளத்திலும் கம்பிகளிலும் பனிக்கட்டியாக உறையும். பாரம் ஏறிக் கப்பல் கவிழ்ந்துவிடாமலிருக்க, கோடரியும் சுத்தியலும் கொண்டு இரவுபகலாக அதை உடைத்துத் தள்ள வேண்டும். 1942 ஜூலையில் பி.க்யூ.17 என்ற கப்பல் தொடரை, ஜெர்மானியரின் டிர்பிட்ஸ் போர்க்கப்பல் வருகிறது என்ற அச்சத்தில், கலைந்து செல்லும்படி லண்டன் கடற்படைத் தலைமை ஆணையிட்டது. டிர்பிட்ஸ் அவர்களைத் தாக்கவே இல்லை. ஆனால் காவலின்றிச் சிதறிய அந்தத் தொடரின் 35 சரக்குக் கப்பல்களில் 11 மட்டுமே கரை சேர்ந்தன.

உயிர் பிழைத்த பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு ரஷ்யா, கடல் வீரத்துக்கான உஷாகோவ் பதக்கம் வழங்க முன்வந்தது. 2012-இல் பிரிட்டிஷ் அரசு அதற்கு அனுமதி மறுத்தது. அந்நிய நாட்டு விருது பெறுவதென்றால், அதற்குரிய பணி கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது விதியாம்! தொண்ணூறை நெருங்கிய, தொண்ணூறைக் கடந்த முதியவர்களிடம் இப்படிச் சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அவர்களுக்கென்று ஆர்க்டிக் ஸ்டார் என்ற தனிப் பதக்கத்தை 2013-இல்தான் பிரிட்டன் வழங்கியது. அதே ஆண்டில் ரஷ்யப் பதக்கத்துக்கும் அனுமதி கிடைத்தது. அதற்குள் அந்த மாலுமிகளில் மிகப் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள்.

போலந்துக்காரர்களுக்கு இதைவிடக் கசப்பான அனுபவம் நேர்ந்தது. 1940-இல் நடந்த பிரிட்டன் வான்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 303-ஆம் படைப்பிரிவாக நின்று லண்டனைக் காத்தவர்கள் அவர்கள். 1946 ஜூன் 8 அன்று லண்டன் வெற்றி அணிவகுப்புக்கு அந்த விமானிகள் சிலரை மட்டும் அழைத்துவிட்டு, பிரிட்டிஷ் தலைமையின் கீழ் தரையிலும் கடலிலும் போரிட்ட மற்றப் போலந்து வீரர்களை விட்டுவிட்டார்கள். போலந்துத் தலைநகர் வார்சாவில் ஸ்டாலின் ஆதரவுடன் அமைந்த அரசை பிரிட்டன் ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. தம் தோழர்களுக்கு இல்லாத அழைப்பு தமக்கும் வேண்டாம் என்று அந்த விமானிகள் மறுத்துவிட்டார்கள்.

நம்மவர் பங்கும் இந்தக் கணக்கில் உண்டு. கடன்-குத்தகைச் சரக்கில் ஒரு பகுதி பாரசீக வளைகுடாவில் இறங்கி, ஈரான் வழியே சோவியத் எல்லைக்குப் போனது. அந்தச் சாலையில் உழைத்தவர்களில் இந்தியப் படையின் வழங்கல் பிரிவினரும் இருந்தார்கள். 1944-இல் அப்பிரிவைச் சேர்ந்த இரண்டு இந்தியருக்குச் சோவியத் அரசு செவ்விண்மீன் (ரெட் ஸ்டார்) விருது அளித்தது. ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார், மற்றவர் உத்தராகண்டைச் சேர்ந்த ஹவில்தார். பள்ளியிலோ கல்லூரியிலோ எந்த ஆசிரியரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. நானும் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ அந்தப் போரில் ஈராக்கிலோ ஈரானிலோ பணிபுரிந்திருந்தால், பரணில் கிடக்கும் தகரப் பெட்டியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பஸ்ரா என்றோ பாக்தாத் என்றோ எழுதிய ஒரு பழைய கடிதம் கிடைத்தாலும், அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த உரையை அதிலிருந்தே தொடங்குகிறேன்.