மேயர் யார் ஓட்டில் வந்தார்? ஒரு கிலோ மல்கோவா பந்தயம்!

வணக்கம் மக்களே! காலையில் நம்ம சேலம் அம்மாப்பேட்டை டீக்கடைக்குப் போகாமல் நான் கேமராவையே எடுக்கமாட்டேன், உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அங்கே ஒரு அண்ணன், "சென்னை மேயர் பிரியாவுக்கு ஊரே ஓட்டுப் போட்டுச்சே" என்றார். இல்லைங்கண்ணா என்றேன். நம்பவே இல்லை. ஒரு கிலோ மல்கோவா பந்தயம்.

விஷயம் இதுதான். 2022 பிப்ரவரியில் சென்னையில் 200 வார்டுக்கும் கவுன்சிலர் தேர்தல் நடந்தது. பிரியா நின்றது 74-வது வார்டில். மற்ற 199 வார்டுக்காரர்கள் அவர் பெயரை வாக்கு இயந்திரத்தில் பார்த்திருக்கவே மாட்டார்கள். மார்ச் 4-ஆம் தேதி கவுன்சிலர்கள் கூடி, போட்டியே இல்லாமல் அவரை மேயராக்கினார்கள். திமுகவுக்கு மட்டும் 153 கவுன்சிலர்கள், அப்புறம் யார் எதிர்த்து நிற்பார்கள்? பட்டியல் சமூகத்திலிருந்து சென்னைக்கு வந்த முதல் பெண் மேயர் அவர். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். கோபம் முறையின் மேல்தான்.

அண்ணன் சொன்னதும் முழுத் தப்பில்லை. 1996-இல் ஸ்டாலினை மேயராக்கியது மக்கள் போட்ட ஓட்டு. 2001-இலும் அப்படித்தான். 2006-இல் கவுன்சிலர்கள் கைக்குப் போனது, 2011-இல் மறுபடி நம்மிடம் வந்தது, இப்போது திரும்பவும் அவர்களிடம். நம்ம சேலத்தில் 60 வார்டு, இங்கேயும் அதே சட்டம்தான். ஆட்சிக்கு ஆட்சி மாற்றுவதற்கு நம் ஓட்டு என்ன பம்பரமா? மேயர் ஒரு கட்சி, மன்றம் வேறு கட்சி என்றால் வேலை ஓடாது என்பார்கள். இருக்கட்டும். பேசித் தீர்க்கட்டும். எனக்கு நேரடி ஓட்டு வேண்டும்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை! தேர்தலே நடக்காமல் தனி அதிகாரிகள்தான் பார்த்துக்கொண்டார்கள். 1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சிக்கே இந்த நிலைமை. இதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, மாம்பழம்! போனில் பழைய செய்தியைக் காட்டியதும் அண்ணன் ஒத்துக்கொண்டார். சின்னக்கடைக்குப் போனோம். செந்தூரா வாங்கித் தருகிறேன் என்றார். முடியாது, பந்தயம் மல்கோவாவுக்கு. கிலோ 240 ரூபாய் சொன்ன பாட்டியிடம் கால் மணி நேரம் பேசி, 200-க்கு நான்தான் முடித்தேன். காசு அவருடையது, பேரம் என்னுடையது. இதோ பாருங்கள், காம்புப் பக்கம் என்ன வாசனை! பெரிய பழத்தை அண்ணனுக்கே கொடுத்துவிட்டேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.