மிட்டாய் தின்னா பூச்சி வருமா?

[காட்சி: வீட்டுத் திண்ணை. தேன்மிட்டாயைச் சப்பிக்கிட்டு ஒரு பையன்.]

"ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிறான். வயித்துல பூச்சிதான். அம்புட்டும் இந்த மிட்டாய் பண்ற வேலை!" எங்க அப்பத்தாவோட தீர்ப்பு இது. பல்லைக் கடிச்சா பூச்சின்னு அர்த்தம் இல்லீங்க. மிட்டாய்ல இருந்தும் புழு பிறக்காது. ஆனா மிட்டாயைப் பிடிச்சிருக்கிற விரலைப் பாருங்க. நகக்கண்ணு கருப்பா இருக்குல்ல? அதுக்கு அப்புறம் வர்றேன்.

[காட்சி: இருட்டு விலகாத மல்லித் தோட்டம். ஈர மண்ணில் வெறுங்கால்கள்.]

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் விடியுமுன்னயே பூப்பறிக்க இறங்கிருவாங்க. மொட்டு விரியுறதுக்குள்ள மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போகணுமே. செடி நிழல், ஈரமண், வெறுங்காலு. குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கிற கொக்கிப்புழுவோட குஞ்சுக்கு வேற என்ன வேணும்? வரப்போரம் யாராச்சும் வெளிக்குப் போயிருந்தா, அதுல இருக்கிற முட்டை பொரிச்சு, ஒரு வாரம் பத்து நாள்ல தோலைத் துளைக்கிற பருவத்துக்கு வந்துரும்.

கால்ல அரிப்பெடுக்கும். சேத்துப்புண்ணுன்னு எண்ணெயைத் தடவிட்டு விட்டுருவோம். உள்ள போன குஞ்சு ரத்தத்தோட நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோட நாமளே முழுங்கிக் குடலுக்கு அனுப்பி வைப்போம்.

இது தெரியவந்த கதையும் ஒரு விபத்துதான். கெய்ரோவுல ஆர்தர் லூஸ்ங்கிற ஜெர்மன் ஆய்வாளர் கை மேல புழுக்குஞ்சு இருந்த தண்ணி சிந்திருச்சு. தோல் சிவந்து அரிச்சது. பிறகு அவர் மலத்துலயே கொக்கிப்புழு முட்டை!

புழு நீளம் ஒரு சென்டிமீட்டர்தான். இனத்தைப் பொறுத்து, ஒண்ணு ஒரு நாளைக்கு 0.03 முதல் 0.2 மில்லி வரை ரத்தத்தைக் காலி பண்ணும். பெரிய ரகத்துல நூறு இருந்தா 20 மில்லி. அதாவது நாலு தேக்கரண்டி, தினமும். மூச்சு வாங்குது, கண்ணு உள்பக்கம் வெளுத்திருக்குன்னா ரத்தச்சோகையோட இதையும் சேர்த்துச் சந்தேகப்படுங்க.

[காட்சி: கழுவாத கீரைக்கட்டு.]

நாக்குப்பூச்சின்னு ஊர்ல சொல்ற உருளைப்புழு வாய் வழியா வரும். ஒரு பெண் புழு ஒரு நாளைக்குப் போடுற முட்டை சுமார் 2 லட்சம். மண்ணுல சில வாரம் கிடந்தாத்தான் அது தொத்தும். அதனால கீரை, கேரட்டெல்லாம் மண்ணு போக அலசுங்க.

[காட்சி: மறுபடி பையனின் நகம்.]

இப்ப நகத்துக்கு வருவோம். இது கீரிப்பூச்சி, வெள்ளை நூல் மாதிரி. ராத்திரி ஆசனவாய்ல வந்து முட்டை போடும். அரிக்கும். தூக்கத்துலயே சொறிவான். நகத்துல ஒட்டின முட்டை சில மணி நேரத்துலயே தொத்தத் தயார். காலைல மிட்டாயோட உள்ள போயிரும்.

மருந்து ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம். ஒண்ணு முதல் ரெண்டு வயசுக்குப் பாதி. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காம தொடவேண்டாம். பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாள். ஸ்கூல்லயும் அங்கன்வாடியிலயும் சும்மாவே தருவாங்க. கீரிப்பூச்சிக்கு மட்டும் ஒரு தடவை பத்தாது. மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையை அவ்வளவா தொடாது. அதனால ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு, வீட்ல இருக்கிற எல்லாருக்கும்.

அப்பத்தா, உங்களுக்கும்தான்.