ஊக்கம் எங்கிருந்து வருகிறது?

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். ‘ஒருவருடைய வாழ்வைத் தீர்மானிப்பது தனிமனித முயற்சியே’ என்று எதிரணியின் முதல் பேச்சாளர் வாதாடி அமர்ந்திருக்கிறார். ‘சமூக அமைப்பே’ என்று பேச வந்திருக்கும் நான், அவருடைய உரைக்கு உயிர்நாடியான ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். “உழைக்க மனமுள்ளவன் எங்கும் பிழைத்துக்கொள்வான்; ஊக்கம் இல்லாதவனே வேலையில்லை என்று சொல்லித் திரிவான்” என்றார் அவர். அந்த ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை. நாங்கள் கேட்கிறோம்.

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்றொரு சிற்றூர். ஒரே ஒரு துணி ஆலையை நம்பி வாழ்ந்த ஊர். உலகப் பொருளாதார நெருக்கடியில் அந்த ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தபோது, மரி யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கிருந்த 478 குடும்பங்களையும் ஆராய்ந்து, 1933-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆய்வாளர்கள் ஒரு சன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தோடு நின்று, தெருவில் போகிறவர்களின் நடையைக்கூட அளந்தார்கள். ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தச் சிறிய தூரத்தைக் கடப்பதற்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ நின்றுவிட்டார்கள். பெரும்பாலோரிடம் கைக்கடிகாரம் இல்லை. நேரம் பார்த்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. நூலகத்தில் கட்டணத்தை நீக்கிய பிறகும், படிக்க நாள் முழுவதும் ஓய்வு இருந்தும், இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

நடுவர் அவர்களே, இவர்கள் நேற்று வரை ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு ஓடியவர்கள். ஓரிரு ஆண்டுகளில் ஓர் ஊர் முழுவதும் பிறவிச் சோம்பேறியாக மாறியதா? அதே தெருவில் பெண்கள் வேகமாகத்தான் நடந்தார்கள். அடுப்பும் குழந்தையும் துணி துவைப்பதும் அவர்களுடைய நாளை இன்னும் வகுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. நாளை வகுத்துத் தரும் ஏற்பாடு யாருக்கு எஞ்சியதோ அவருக்கு நடையும் எஞ்சியது. எதிரணி காரணம் என்று காட்டிய சோம்பல், இங்கே விளைவாக நிற்கிறது.

சமூகம் என்பது தனிமனிதர்களின் கூட்டம்தானே என்று கேட்கலாம். நாம் பிறப்பதற்கு முன்பே இருந்து, நமக்கு வெளியே நின்று, நம்மைக் கட்டுப்படுத்தும் வழக்கங்களையும் நியதிகளையும் ‘சமூக உண்மைகள்’ என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1895-இல் வரையறுத்தார். நான் பேசும் மொழியை நான் உண்டாக்கவில்லை. மீறினால் என்ன நேரும் என்பதை மட்டும் அறிவேன். அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் இதையே எண்ணிக்கையில் காட்டினார். 1 லட்சம் பேர் வாழும் நகரில் ஒருவருக்கு மட்டும் வேலையில்லை என்றால் அவருடைய திறமையையும் குணத்தையும் விசாரிக்கலாம். 5 கோடித் தொழிலாளர் உள்ள நாட்டில் 1.5 கோடிப் பேருக்கு வேலையில்லை என்றால் யாருடைய குணத்தை விசாரிப்பது?

“மரியென்தாலிலும் மனம் தளராத குடும்பங்கள் இருந்தனவே” என்று எதிரணி எழக்கூடும். இருந்தன, மறுக்கவில்லை. ஆய்வாளர்கள் குடும்பங்களை மனம் தளராதவர்கள், விதியே என்று அடங்கியவர்கள், நொறுங்கியவர்கள், எதிலும் பற்றற்றுப்போனவர்கள் என்று நான்காகப் பிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு வகையினரின் மாத வருமானத்தையும் ஆளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். அன்றைய ஆஸ்திரிய நாணயத்தில் தளராதவர்களிடம் 34 ஷில்லிங், அடங்கியவர்களிடம் 30, நொறுங்கியவர்களிடம் 25, பற்றற்றுப்போனவர்களிடம் 19. எதிரணி நண்பர் குணம் என்று புகழ்ந்த மன உறுதிக்கும் எதற்கும் அசையாத சோர்வுக்கும் இடையே அந்த ஊரில் இருந்த தொலைவு 15 ஷில்லிங். வேலையற்றோர் உதவித்தொகையாக வந்த அந்த ஷில்லிங்கை வழங்குவதா நிறுத்துவதா என்று முடிவு செய்தவர் எவரும் அந்தத் தெருவில் நடந்தவர் அல்லர்.