கொழுப்பு எங்கே போய்ச் சேர்கிறது?

வணக்கம், நேயர்களே. 'உடம்பு ஏறிவிட்டது' என்று சொல்லும்போது நம் நினைவில் இருப்பது எடைக்கருவி. ஏறிய கொழுப்பு உடம்பில் எங்கே போய் உட்கார்ந்தது என்று அது சொல்லாது. தொடையிலும் இடுப்பிலும் தோலுக்கடியில் தங்குவது பெரிய தொல்லை தருவதில்லை. வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும், கல்லீரலுக்குள்ளும் சேர்கிறதே, அதுதான் சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழிவிடுகிறது. இந்திய வம்சாவளியினரான நமக்குத் தோலுக்கடியில் இருக்கும் இடம் சீக்கிரமே போதாமல் போய்விடுகிறது. தொட்டி நிரம்பினால் தண்ணீர் வழிவதுபோல், மிச்சம் உள்ளுறுப்புகளுக்குப் போகிறது. அதனால்தான் கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியவருக்கும் சர்க்கரை வருகிறது. மொரீஷியசில் அப்படி ஒருவரை அறியாத குடும்பம் குறைவு.

முதலில் அளந்து பாருங்கள். தையலுக்கு வைத்திருக்கும் டேப் போதும். காலையில் வெறும் வயிற்றில், சட்டையைத் தூக்கிவிட்டு நேராக நில்லுங்கள். விலாவின் கடைசி எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். இயல்பாக மூச்சு விட்டு முடித்ததும் படியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. ஆண்கள் பலர் பெல்ட் கட்டும் இடத்தில் அளக்கிறார்கள். தொந்தி விழுந்தவருக்கு பெல்ட் தொந்திக்குக் கீழே இறங்கிவிடுமல்லவா? அங்கே அளந்தால் கணக்கு குறைத்துக் காட்டும். முதுகுப் பக்கம் டேப் தொய்ந்து இறங்கினாலும் அளவு தவறும். வீட்டில் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் வம்சாவளியினருக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தொட்டால் எச்சரிக்கை. எடை சரியாக இருந்தாலும் எச்சரிக்கைதான்.

வயது, பரம்பரை, பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றம், இவை நம் கையில் இல்லை. தட்டில் விழுவது நம் கையில் இருக்கிறது.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மொரீஷியசில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும், முன்பு ரேஷன் எண்ணெய் என்றால் பெரும்பாலும் பாமாயில். 1987-இல் அரசு அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. 5 ஆண்டில் மக்களின் சராசரி ரத்தக் கொலஸ்ட்ரால், லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், 5.5-இலிருந்து 4.7-க்கு இறங்கியது. ஆனால் அதே ஆண்டுகளில் பருமன் குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஆக, எண்ணெயின் வகையும் முக்கியம், அளவும் முக்கியம்.

கொழுப்பு சேரும் இடத்தைப் பற்றிய சோதனை 2014-இல் சுவீடனின் உப்சாலாவிலிருந்து வந்தது. எடை சரியாக இருந்த 39 இளைஞர்கள், ஆண்களும் பெண்களும், 7 வாரம் வழக்கமான சாப்பாட்டோடு கூடுதலாக மஃபின் சாப்பிட்டார்கள். பாதிப் பேருக்குப் பாமாயிலில் செய்தது, மீதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 1.6 கிலோதான் கூடியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், பாமாயில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு அதிகம். மற்றவர்களுக்குத் தசை கூடுதலாக ஏறியிருந்தது. எடை ஒன்று, இடம் வேறு. திரும்பவும் சொல்கிறேன், எடை ஒன்று, இடம் வேறு.

அதற்காகச் சோயா எண்ணெயைத் தாராளமாக ஊற்றலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 120 கலோரி. ஒருவருக்கு நாளைக்கு 4 தேக்கரண்டி, அதாவது 20 மில்லி என்று வைத்தால், நால்வர் வீட்டுக்கு மாதம் இரண்டரை லிட்டருக்குள் முடியவேண்டும். புட்டியில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள், எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்துவிடும். கடையில் வாங்கும் கடோ பிமா என்ற பருப்பு மிளகாய் வடை, சமோசா, இவற்றின் எண்ணெய் இந்தக் கணக்கில் வராது என்பதையும் மறக்கவேண்டாம்.

அடுத்தது இனிப்பு பானம். ஒன்றைத்தான் விடமுடியும் என்றால் இதை விடுங்கள் என்பேன். 330 மில்லி கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. அதில் பாதி ஃப்ரக்டோஸ். அது பெரும்பாலும் கல்லீரலுக்கே போகிறது, மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. டென்மார்க்கில் எடை கூடியவர்களுக்கு 6 மாதம் தினம் ஒரு லிட்டர் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குக் கோலா, சிலருக்குப் பால், சிலருக்கு டயட் கோலா, சிலருக்குத் தண்ணீர். உடம்பின் மொத்தக் கொழுப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கோலாக்காரர்களுக்குத்தான் கூடியிருந்தது. அலூடா குடிக்க ஆசையா? சிரப்பைப் பாதியாக்கச் சொல்லுங்கள், சப்ஜா விதையும் பாலும் அப்படியே இருக்கட்டும். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், சாறு பிழிய வேண்டாம்.

கடிகாரம் துரத்துகிறது, மதுவைப் பற்றிச் சொல்ல நினைத்ததைச் சுருக்குகிறேன். ரம் உள்ளே போனால் கல்லீரல் அதை எரிப்பதற்கே முதலிடம் தரும், கொழுப்பை எரிப்பதைத் தள்ளிவைக்கும். கூடவே கோலா கலந்தால் இரண்டு சுமை. தொந்திக்காக வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்து பயனில்லை, அது தசையைத்தான் கெட்டிப்படுத்தும். சாப்பாட்டைக் குறைத்து, நடந்து, 80 கிலோ உள்ளவர் 5 கிலோ இறக்கினாலே கல்லீரல் கொழுப்பு நன்றாகக் குறையும். மாதம் ஒருமுறை, அதே டேப்பில், அதே இடத்தில் அளந்து எழுதிவையுங்கள். நன்றி, வணக்கம்.